பள்ளியின் புத்தகத் தேர்வுக் குழுவில் உட்காரப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் படிக்கும் பள்ளியில் புத்தகத் தேர்வுக் குழுவில் பெற்றோர் சார்பாக உங்களைச் சேர்த்திருக்கிறார்கள். பாடப்புத்தகங்களும் நூலகத்துக்கு வாங்க வேண்டிய புத்தகங்களும் ஒரே கூட்டத்தில் மேஜைக்கு வரப்போகின்றன. "இதையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறார்கள், இதில் எனக்கு என்ன வேலை?" என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், "தப்பான புத்தகம் எதுவும் பிள்ளைகள் கைக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன், ஆனால் சில விஷயங்களைத் தாண்டித்தான் அங்கே வர முடியும். நான் 7 ஆண்டு நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், அப்புறம் 19 ஆண்டு பள்ளி நூலகராக இருந்தேன். இந்த இரண்டு வகைத் தேர்வுக் கூட்டங்களிலும் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன், அதில் தவறும் செய்திருக்கிறேன்.

முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் என்பது வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளும் படித்தே தீர வேண்டியது, பிடிக்கிறதோ இல்லையோ. நூலகப் புத்தகம் ஒரு பிள்ளை தானாக நடந்து வந்து, தானாகக் கையை நீட்டி எடுப்பது. ஒன்று கட்டாயம், மற்றது விருப்பம். அதனால் பாடப்புத்தகத்தைப் புரட்டும்போது "வகுப்பில் கடைசியில் இருக்கிற பிள்ளைகூட இதை வைத்துக் கரையேற முடியுமா?" என்று கேட்க வேண்டும். நூலகப் புத்தகத்தைப் புரட்டும்போது "இந்தப் பள்ளியில் ஒரே ஒரு பிள்ளைக்காவது இது வேண்டியிருக்குமா?" என்று கேட்டால் போதும். நான் பார்த்த குழுக்களில் பாதிச் சண்டை, முதல் கேள்வியை நூலகத்துக்குக் கேட்டதால் வந்தது. எல்லோருக்கும் பொருந்தும் புத்தகத்தை மட்டும்தான் நூலகத்தில் வைப்போம் என்று தொடங்கினால், யாருக்குமே வேண்டாத புத்தகங்கள்தான் அலமாரியில் மிஞ்சும்.

இந்த வேறுபாட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் ஐலண்ட் ட்ரீஸ் என்ற பள்ளி மாவட்டத்தின் நிர்வாகக் குழு 1970-களின் நடுவில் சில புத்தகங்களைப் பள்ளி நூலகங்களிலிருந்து எடுத்துவிட்டது. ஸ்டீவன் பிகோ என்ற மாணவரும் வேறு சிலரும் வழக்குப் போட்டார்கள், அது 1982-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாடத்திட்டத்தில் நிர்வாகத்துக்குப் பரந்த அதிகாரம் உண்டு, ஆனால் நூலகம் பிள்ளைகள் தாமாகத் தேடிப் படிக்கும் இடம், ஒரு புத்தகத்தில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் அதை அங்கிருந்து அகற்ற முடியாது என்று முதன்மைத் தீர்ப்பு சொன்னது. ஆனால் 9 நீதிபதிகளில் பெரும்பான்மையினர் ஒரே தீர்ப்புரையில் சேரவில்லை. அதனால் அதை அசைக்க முடியாத சட்டம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, இன்றும் அங்கே அதன் எல்லை பற்றி வழக்குகள் நடக்கின்றன. நான் அதை இங்கே கொண்டுவருவது சட்டத்துக்காக இல்லை, அந்தப் பிரிப்பு எவ்வளவு தெளிவானது என்பதற்காக.

சரி, பாடப்புத்தகத்துக்கு வருவோம். உங்கள் குழு முன்னால் ஒரு புத்தகம் வந்து விழுவதற்கு முன்பே பெரும்பாலான முடிவுகள் எங்கோ எடுக்கப்பட்டிருக்கும். உலகம் முழுக்கப் பார்த்தால் சில மாதிரிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அரசே ஒரு புத்தகத்தை எழுதி அதையே எல்லோரும் படிக்க வேண்டும் என்பது ஒன்று. தனியார் பதிப்பகங்கள் எழுதும், அரசு பரிசோதித்து அனுமதிக்கும், அந்தப் பட்டியலுக்குள் உள்ளூரில் தேர்ந்தெடுக்கலாம் என்பது இன்னொன்று, ஜப்பான் இதற்கு நல்ல உதாரணம். அங்கே இந்த அனுமதி முறையே கருத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று சொல்லி இயெனகா சபுரோ என்ற வரலாற்றாசிரியர் 1965-இல் தொடங்கிய வழக்குகள் 1997 வரை, 32 ஆண்டு நடந்தன. அனுமதிப் பட்டியலே இல்லாமல் பள்ளியும் ஆசிரியரும் தாமே தேர்ந்தெடுப்பது மூன்றாவது. பின்லாந்து 1990-களின் தொடக்கத்தில் பாடநூல் பரிசோதனையை எடுத்துவிட்டது, பிரான்சிலும் இங்கிலாந்திலும் ஆசிரியர்களுக்குத் தேர்வுச் சுதந்திரம் அதிகம். இந்த மூன்றில் உங்கள் பள்ளி எதற்குள் வருகிறது என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வகை என்றால் பாடப்புத்தகத்தில் உங்களுக்கு வேலை மிகக் குறைவு, துணைநூல்களோடு நிற்கும். மற்ற இரண்டு என்றால் மேலே படியுங்கள்.

இன்னொரு விஷயம், பெரிய வாங்குபவர் யாரோ அவர் சொல்வதுதான் எழுத்தில் ஏறும். அமெரிக்காவில் டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டும் மாநில அளவில் மொத்தமாகப் பாடநூல்களை அங்கீகரிக்கும் பெரிய சந்தைகள். அந்த இரண்டு இடத்தின் விருப்பு வெறுப்புகள் வேறு மாநிலப் பிள்ளைகளின் புத்தகத்திலும் பல காலம் வந்துகொண்டிருந்தன, ஏனென்றால் பதிப்பகத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பதிப்பு போடுவது கட்டுப்படியாகாது. எல்லோரையும் திருப்திப்படுத்தப் போய்ப் புத்தகம் தடித்துக்கொண்டே போகும். 1990-களில் பல நாட்டுப் பாடத்திட்டங்களை ஒப்பிட்ட டிம்ஸ் ஆய்வில், அமெரிக்கக் கணக்குப் புத்தகங்கள் ஒரே ஆண்டில் மிக அதிகமான தலைப்புகளைத் தொட்டு, ஒவ்வொன்றையும் மேலோட்டமாகவே நடத்திப் போவது தெரிந்தது. அகல உழுவதைவிட ஆழ உழு என்று நம் பெரியவர்கள் சொன்னது பாடப்புத்தகத்துக்கு அப்படியே பொருந்தும். தலைப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள்.

அப்புறம், புத்தகத்தைப் படியுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று நினைக்கலாம். சொல்லியே ஆக வேண்டும். இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் 1964-இல் கலிபோர்னியாவின் பாடநூல் தேர்வுப் பணியில் சேர்ந்து, வந்த கணக்குப் புத்தகங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தார். ஒரு கூட்டத்தில் மூன்று பாகங்கள் கொண்ட ஒரு வரிசை வந்தது. மூன்றாவது பாகம் நேரத்துக்கு அச்சாகவில்லை, அதனால் பதிப்பகம் அட்டை மட்டும் போட்டு உள்ளே வெற்றுத்தாள் வைத்து அனுப்பியிருந்தது. அந்த வெற்றுப் புத்தகத்துக்கும் சிலர் மதிப்பெண் போட்டிருந்தார்கள், அதுவும் மற்ற இரண்டு பாகங்களைவிடக் கொஞ்சம் கூடவே. அவர் காட்டிய இன்னொரு உதாரணம்: வெவ்வேறு நிற நட்சத்திரங்களுக்கு வெப்பநிலை கொடுத்துவிட்டு, அப்பாவும் மகனும் பார்த்த நட்சத்திரங்களின் மொத்த வெப்பநிலை என்ன என்று ஒரு கணக்கு. வெப்பநிலைகளைக் கூட்டினால் எந்தப் பொருளும் கிடையாது. கூட்டல் பயிற்சி வேண்டும் என்பதற்காக அறிவியலைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் இந்த மாதிரிக் கணக்குகள் வருகின்றன, நானே பல பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பக்கத்தையும் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது, தெரியும். நான் செய்த வழியைச் சொல்கிறேன். முதல் பாடத்தைப் படிக்காதீர்கள், அது எல்லாப் புத்தகத்திலும் அழகாகத்தான் இருக்கும். அந்த வகுப்புப் பிள்ளைகள் வழக்கமாகத் தடுமாறும் பாடம் எது என்று ஆசிரியரிடம் கேட்டு, போட்டியில் உள்ள எல்லாப் புத்தகங்களிலும் அந்த ஒரு பாடத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கணக்கில் எனக்கு அது பின்னம். வெவ்வேறு பகுதிகள் (கோட்டுக்குக் கீழே வரும் எண்கள்) உள்ள பின்னங்களைக் கூட்டச் சொல்லும் பக்கத்துக்கு முன்னால், ஒரே மதிப்புள்ள பின்னங்கள் என்றால் என்ன என்று பிள்ளைக்குப் புரியும்படி வந்துவிட்டதா? ஒரு தடவை நாங்கள் தேர்ந்தெடுத்த புத்தகத்தில் இந்த வரிசை தலைகீழாக இருந்தது. வண்ணப்படங்களில் மயங்கி நானும் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன், அடுத்த மூன்று ஆண்டும் நாங்கள் தனியாகத் தாள் அச்சடித்து அந்த ஓட்டையை அடைத்தோம். அறிவியலில் பருவகாலம் பற்றிய படத்தைப் பாருங்கள். பூமியின் பாதையை நீண்ட முட்டை வடிவில் வரைந்திருந்தால், சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று பிள்ளை தானாக முடிவு கட்டிவிடும். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில், பருவகாலத்துக்குக் காரணம் அச்சின் சாய்வு. நாக்கில் இனிப்புக்கு ஒரு இடம், கசப்புக்கு ஒரு இடம் என்று வரைபடம் போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் பழைய புத்தகத்தைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும். இப்படி ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று சோதனை இடங்கள் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் ஒரு புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும். பயிற்சிக் கேள்விகளில் நாலைந்தையாவது நீங்களே போட்டுப் பாருங்கள், பின்பக்க விடையோடு ஒத்துப்போகிறதா என்று.

மொழி எல்லாவற்றையும்விட முக்கியம், குழுக்கள் அதைத்தான் கடைசியில் பார்க்கின்றன. கென்யாவில் கிராமப்புறப் பள்ளிகளுக்கு இலவசமாகப் பாடநூல் கொடுத்து, கொடுக்காத பள்ளிகளோடு ஒப்பிட்ட ஒரு ஆய்வு உண்டு. க்ளெவ், கிரெமர், மூலின் மூவரும் செய்தது, 2009-இல் வெளிவந்தது. புத்தகம் கொடுத்ததால் சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் முன்னேறினார்கள். காரணம், புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி, அவர்களால் வாசிக்கவே முடியவில்லை. உள்ளடக்கம் சரியாக இருந்தும் பிள்ளைக்கு எட்டவில்லை என்றால் அந்தப் புத்தகம் வகுப்பின் முன்வரிசைக்கு மட்டும் வாங்கினதாக ஆகிவிடும்.

வாசிக்க எளிதா என்று அளக்க ஃபிளெஷ், டேல்–சால் போன்ற சூத்திரங்கள் 1940-களிலிருந்து இருக்கின்றன. அவை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டவை, வாக்கிய நீளத்தையும், சொல்லின் நீளத்தையோ பழக்கத்தையோ வைத்துக் கணக்குப் போடுபவை. தமிழில் "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக" என்பது ஒரே சொல், ஆனால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பேச்சில் சாதாரணமாகச் சொல்லிவிடும். "விசை" என்பது இரண்டே எழுத்து, அதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகும். ஆகவே பதிப்பகம் கொடுக்கும் வாசிப்பு நிலை எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதற்குப் பதிலாக வில்சன் டெய்லர் 1953-இல் அறிமுகப்படுத்திய ஒரு வழி இருக்கிறது, நான் அதைத்தான் பயன்படுத்தினேன். பாடத்திலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து, முதல் வாக்கியத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் அழித்துக் கோடு போட்டு, பத்துப் பதினைந்து பிள்ளைகளிடம் நிரப்பச் சொல்லுங்கள். முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களிடம் மட்டும் கொடுக்காதீர்கள். பாதிக்கு மேல் பொருந்தும்படி நிரப்பினால் புத்தகம் அவர்களுக்கு எட்டுகிறது, மூன்றில் ஒன்றுகூட வரவில்லை என்றால் எட்டவில்லை. தமிழில் சொல் விகுதியோடு ஒட்டி வருவதால் அப்படியே அதே சொல்லை எதிர்பார்க்காமல் பொருள் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். இது துல்லியமான அளவுகோல் இல்லை, ஆனால் குழுவில் பெரியவர்கள் "எளிமையாகத்தான் இருக்கிறது" என்று சொல்வதைவிட நம்பகமானது.

பணம், தாள், கட்டு இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தை நன்றாக விரித்து மேஜையில் வைத்துப் பாருங்கள், பசை மட்டும் போட்டு ஒட்டியது ஆண்டு நடுவில் பக்கம் பக்கமாகக் கழன்று வரும், தைத்த கட்டு தாங்கும். எடையைப் பாருங்கள், பிள்ளை தினமும் சுமக்கப் போகிறது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வாங்க வேண்டிய பயிற்சி ஏடு சேர்ந்து வருகிறதா என்று கேளுங்கள், செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். டிஜிட்டல் புத்தகம் என்றால் நீங்கள் வாங்குவது புத்தகம் இல்லை, குறிப்பிட்ட காலத்துக்கான உரிமம். 2011-இல் ஒரு பெரிய பதிப்பகம் நூலகங்களுக்கு விற்ற மின்னூல்களை 26 தடவை இரவல் கொடுத்தால் உரிமம் தீர்ந்துவிடும் என்று விதி போட்டது. ஒப்பந்தம் முடிந்த பிறகு பிள்ளை பழைய பாடத்தைத் திறந்து பார்க்க முடியுமா என்ற ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அப்புறம், ஸ்பெசிமென் காப்பி, அதாவது பார்ப்பதற்குத் தரும் மாதிரிப் பிரதி, தவிர வேறு எதையும் விற்பனைப் பிரதிநிதியிடமிருந்து யாரும் வாங்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் போட்டுவிடச் சொல்லுங்கள். பை, கடிகாரம், விருந்து என்று சின்னச் சின்னதாகத்தான் தொடங்கும், யாரும் கெட்ட எண்ணத்தோடு வாங்குவதில்லை, ஆனால் மதிப்பெண் போடும் கை அதை நினைவில் வைத்திருக்கும்.

இனி நூலகம். எனக்கு மனசுக்கு நெருக்கமான பகுதி, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் இரண்டாவதையும் மூன்றாவதையும் மட்டும் மனதில் வைத்தால் போதும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். பள்ளி நூலகத்தில் இதை நடைமுறைப்படுத்துவது என்றால், பதிப்பகப் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது, பிள்ளைகளிடமிருந்து தொடங்க வேண்டும். நான் நூலக மேஜையில் ஒரு நோட்டு வைத்திருந்தேன். பிள்ளை கேட்டு, நம்மிடம் இல்லாமல் போன ஒவ்வொன்றையும் அதில் எழுதுவேன். ஆண்டு முடிவில் அந்த நோட்டுதான் என் முதல் பட்டியல். அதில் ஆச்சரியமானவை வரும். பூச்சி வளர்ப்பது பற்றி, திக்குவாய் பற்றி, அம்மா அப்பா பிரிந்தால் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று. எந்தக் குழுவும் உட்கார்ந்து யோசித்து இவற்றை எழுதியிருக்காது. இதற்கு அடுத்து ஆசிரியர்கள் கேட்பது, அதற்கு அடுத்துத்தான் மதிப்புரைகள், விருதுப் பட்டியல்கள். விருது பெற்ற புத்தகங்களில் சில அருமையானவை, சில பெரியவர்கள் பெரியவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தவை, அலமாரியிலேயே புதிதாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு நல்ல புத்தகம் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுவர் இலக்கிய ஆய்வாளர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். தன் வீடு மாதிரி ஒரு வீடு, தன் முகம் மாதிரி ஒரு முகம் எந்தப் புத்தகத்திலும் இல்லாத பிள்ளை, புத்தகம் என்பது வேறு யாருக்கோ உரியது என்று எடுத்துக்கொள்ளும். தன்னை மட்டுமே பார்த்து வளரும் பிள்ளைக்கும் அது நல்லதில்லை. வாங்கும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தப் பள்ளியில் எந்தப் பிள்ளைக்கு இதில் கண்ணாடி இல்லை என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், பதில் உடனே கிடைக்கும்.

வாங்குவதைவிடக் கடினமானது நீக்குவது. நூலகர்கள் இதைக் களையெடுப்பது என்பார்கள். பிளூட்டோ 2006 ஆகஸ்டில் குறுங்கோள் ஆகிவிட்டது, தென் சூடான் 2011-இல் தனி நாடு ஆகிவிட்டது, ஆனால் ஒன்பது கோள்களும் பழைய வரைபடங்களும் பள்ளி அலமாரிகளில் இன்னும் இருக்கின்றன, ஏனென்றால் புத்தகத்தை எடுத்துப் போடுவது பாவம் என்று நமக்கு ஒரு உணர்வு. மருத்துவம், தொழில்நுட்பம், அறிவியலில் 5 ஆண்டுக்கு மேல் ஆனதை ஒரு முறை எடுத்துப் பார்ப்பது நல்லது. கதைப் புத்தகத்துக்கு வயது இல்லை, அதை யார் எடுக்கிறார்கள், தாள் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. நீக்குவதற்கான காரணங்கள் தகவல் தவறாகிவிட்டது, கிழிந்துவிட்டது, புதிய பதிப்பு வந்துவிட்டது, பல ஆண்டாக யாரும் தொடவில்லை என்பவையாக இருக்கலாம். "யாரோ ஒருவருக்குப் பிடிக்கவில்லை" என்பது களையெடுக்கும் காரணம் இல்லை. அதைக் களையெடுப்பு என்ற பெயரில் செய்வது நேர்மையில்லாத வேலை. நன்கொடையாக வரும் புத்தக மூட்டைகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும், காசு கொடுத்து வாங்கமாட்டோம் என்றால் இலவசமாக வந்தாலும் அடுக்கக் கூடாது.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். வயதுக்குப் பொருந்தாத புத்தகம் என்று ஒன்று நிச்சயமாக உண்டு. 7 வயதுப் பிள்ளையின் அலமாரியில் வைக்கக் கூடாததை 15 வயதுப் பிள்ளைக்கு மறுக்கவும் கூடாது, அதனால்தான் நூலகத்தில் வயதுப் பிரிவுகள் வைக்கிறோம். ஆனால் பொருந்தாதது எது என்பதை ஒரு தனி மனிதர், ஒரு வரியைப் பார்த்து, ஒரு மாலையில் முடிவு செய்யக் கூடாது. நான் அப்படிச் செய்திருக்கிறேன். நூலகரான மூன்றாம் ஆண்டு, ஒரு பெற்றோர் தொலைபேசியில் கோபமாகப் பேசினார், குடிக்கும் அப்பாவைப் பற்றிய ஒரு கதைப் புத்தகம், இதையெல்லாம் ஏன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள் என்று. வம்பு வேண்டாம் என்று நான் அன்றே அந்தப் புத்தகத்தை எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து அதே புத்தகத்தைக் கேட்டான், ஏற்கெனவே இரண்டு தடவை எடுத்துப் படித்தவன். ஏன் திரும்பக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தபோது கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போய், ஆட்சேபம் வந்தால் என்ன செய்வது என்பதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

அந்த எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே நூலக உரிமைகள் பற்றிய அறிக்கையை ஏற்றுக்கொண்டது, நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லாவும் யுனெஸ்கோவும் 1999-இல் பள்ளி நூலகத்துக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டன. ஆட்சேபத்துக்கான நடைமுறை எளிமையானது. புகார் வாய்மொழியாக வந்தால் போதாது, ஒரு படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். புத்தகம் முழுவதையும் படித்தீர்களா, எந்தப் பகுதி, உங்கள் பிள்ளைக்கு மட்டும் வேண்டாமா அல்லது யாருக்குமே வேண்டாமா என்று படிவம் கேட்கும். பிறகு ஆசிரியர், நூலகர், பெற்றோர் கொண்ட சின்னக் குழு முழுப் புத்தகத்தையும் படித்து, குறித்த நாளுக்குள் எழுத்தில் முடிவு சொல்லும். அதுவரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வேண்டாம் என்று சொல்ல ஒவ்வொரு பெற்றோருக்கும் உரிமை உண்டு, அதை நூலகர் மரியாதையோடு குறித்துவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு நடைமுறை. எங்கள் படிவம் வந்த பிறகு, முழுவதும் படித்துவிட்டு வருகிறேன் என்று வாங்கிப்போன பெற்றோரில் பலர் திரும்பி வந்து புகார் வேண்டாம் என்றார்கள். சிலர் படித்த பிறகும் உறுதியாக இருந்தார்கள், ஒரு தடவை அவர்கள் சொன்னது சரிதான் என்று குழு ஒப்புக்கொண்டு புத்தகத்தைப் பெரிய வகுப்புப் பிரிவுக்கு மாற்றினோம்.

இதில் எவ்வளவு நிச்சயம், எவ்வளவு ஊகம் என்றும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையால் வாசிக்க முடியாத பாடநூலால் பயன் இல்லை என்பது உறுதி. பிழையான படம் பிழையான எண்ணத்தை ஊன்றும் என்பதையும் வகுப்பில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். நல்ல பள்ளி நூலகம் இருக்கும் இடத்தில் மதிப்பெண் கூடுகிறது என்பது அவ்வளவு உறுதி இல்லை. 1993-இல் கொலராடோவில் வந்த ஆய்வும் அதைப் பின்பற்றிய மற்றவையும் வசதி வேறுபாட்டைக் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு இருப்பதாகச் சொல்கின்றன, ஆனால் தொடர்பு என்பது காரணம் ஆகிவிடாது, நல்ல நூலகம் வைக்கும் பள்ளி வேறு பல காரியங்களையும் நன்றாகச் செய்துகொண்டிருக்கும். ஒரு புத்தகம் ஒரு பிள்ளையைக் கெடுத்துவிடும் என்பதும், ஒரு புத்தகம் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிடும் என்பதும் நாம் அனுபவத்தில் சொல்பவை, அளந்து காட்ட முடியாது. அந்தப் பையன் விஷயத்தில்கூட நான் பார்த்தது அவன் முகத்தை மட்டும்தான். இன்னொன்று, என் அனுபவம் முழுக்க நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில். 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் படப்புத்தகத் தேர்வு தனிக் கலை, அதற்கு அந்த வகுப்பு ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது மூன்று தாள்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நூலகத்தின் எழுத்துபூர்வமான தேர்வுக் கொள்கை, ஆட்சேபப் படிவம், சென்ற ஆண்டு பிள்ளைகள் கேட்டு இல்லாமல் போன புத்தகங்களின் பட்டியல். முதல் இரண்டும் இல்லை என்றால், பாடப்புத்தகங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவற்றை எழுதுவதுதான் குழுவின் முதல் வேலை என்று சொல்லுங்கள், புகார் வந்த பிறகு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். மூன்றாவது இல்லை என்றால், நூலக மேஜையில் வைக்க ஒரு நோட்டும் நூல் கட்டிய பேனாவும் வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.